ஒலிப்பும் உரிமையும்

நுழையும்முன்

பிறந்த மண்ணை விட்டு வேறு நாட்டில் குடியேறுபவர் வீட்டையும் நிலத்தையும் உறவையும் விட்டுச் செல்ல நேரலாம். நாவின் பழக்கம் மட்டும் கேளாமலே உடன்வரும். புதிய ஊரில் அவர் வாய் திறந்ததும் ‘நீங்கள் எந்த ஊர்?’ என்ற வினா எழுகிறது. அவ்வினாவுக்குப் பின்னால் மொழியியலும் உண்டு, சட்டமும் உண்டு, மனிதர் பட்ட பாடும் உண்டு. புதுச்சேரியின் வரலாற்றைத் துணைக்கொண்டு அவற்றை விளக்குகிறது இப்பாடம்.

ஊர்ப்பெயருக்குள் ஒரு குடியேறியவர்

புதுச்சேரி நகரின் வடபகுதியில் உள்ளது லாஸ்பேட்டை. வானூர்தி நிலையமும் கல்லூரிகளும் நெருக்கமான குடியிருப்புகளும் கொண்ட பகுதி இது. பேட்டை என்பது நகரை ஒட்டி எழும் வணிகக் குடியிருப்பைக் குறிக்கும் பழகிய சொல். முன்னால் நிற்கும் ‘லாஸ்’ தமிழன்று. பதினெட்டாம் நூற்றாண்டில் பிரெஞ்சிந்தியாவின் ஆளுநராக இருந்த ழான் லா தெ லொரிஸ்தோன் என்பவரின் குடும்பப்பெயரே இவ்வூர்ப்பெயரில் தங்கியுள்ளது என்பர்.

ஆளுநர் பிரெஞ்சுக்காரர். ஆனால் அவருடைய குடும்பப்பெயர் பிரெஞ்சுப் பெயரன்று. அவருடைய பெரிய தந்தை ஜான் லா, ஸ்காட்லாந்தின் எடின்பரோ நகரில் 1671இல் பிறந்தவர், பொருளியல் அறிஞர். லண்டனில் நடந்த வாட்போரில் ஒருவரைக் கொன்ற வழக்கில் சிக்கி, தாய்நாட்டை விட்டு வெளியேறினார். 1716இல் பாரிசில் ஒரு வங்கியைத் தொடங்கி, 1720ஆம் ஆண்டுத் தொடக்கத்தில் பிரான்சின் நிதித்துறைத் தலைமைக்கே உயர்ந்தார். புதுச்சேரியை ஆண்ட கிழக்கிந்தியக் குழுமத்தைப் பிற வணிகக் குழுமங்களோடு இணைத்துப் புதிதாக அமைத்தவரும் அவரே. அப்பதவியைப் பெறுவதற்காகக் கத்தோலிக்க சமயத்திற்கு மாறினார். இவ்வளவு செய்தும் பிரெஞ்சு மக்களின் நாவில் அவர் பெயர் ‘லா’ என்று நிற்கவில்லை; ‘லாஸ்’ என்றே ஒலித்தது. அதே 1720ஆம் ஆண்டின் இறுதியில் அவருடைய நிதித்திட்டம் சரிந்தது. நாட்டை விட்டுத் தப்பியோடிய அவர் 1729இல் வெனிசு நகரில் இறந்தார்.

பிரான்சிலேயே தங்கிவிட்ட அவருடைய தம்பியின் மகன்தான் புதுச்சேரிக்கு வந்த ழான் லா. 1761இல் ஆங்கிலேயரால் இடித்துத் தரைமட்டமாக்கப்பட்ட நகரம், பாரிசு உடன்படிக்கையின்படி 1765இல் பிரெஞ்சியரிடம் திரும்பியபோது அதனை ஏற்று மீண்டும் எழுப்பியவர் அவர். அவருடைய மகன் பிரெஞ்சுப் படையின் மார்ஷல் பதவிவரை உயர்ந்தார். இரண்டு தலைமுறையில் அயலவர் குடும்பம் ஆளும் குடும்பமாயிற்று.

‘லாஸ்’ என்பதில் உள்ள ஸகரம் ஆங்கில உடைமை விகுதியா, பிரெஞ்சு நாவு ஒட்டிய ஒலியா என்று வழக்காடத் தேவையில்லை. எப்படியாயினும் ஸ்காட்லாந்தில் பிறந்து, பிரான்சில் உருமாறி, தமிழ்ப் பேட்டையோடு சேர்ந்த பெயர் இது. ஊர்ப்பெயர்கள் இவ்வாறு மாறுவது புதுச்சேரிக்குப் புதிதன்று. பிரெஞ்சியர் காரைக்காலைக் ‘கரிக்கால்’ என்றும், ஏனாமை ‘யனாவோன்’ என்றும், மய்யழியை ‘மாஹே’ என்றும் வழங்கினர். புதுச்சேரியே நெடுங்காலம் ‘பாண்டிச்சேரி’யாக இருந்து, 2006 அக்டோபர் 1 முதல்தான் அலுவல்முறையில் தன் பழைய பெயரைத் திரும்பப் பெற்றது.

ஆள்வோரின் நாவு ஒலியைச் சிதைத்தால் அது வரைபடத்தில் ஏறிவிடுகிறது. குடியேறிய எளியவரின் நாவு சிதைத்தால் அது பிழை எனப்படுகிறது. இவ்வேறுபாட்டை மனத்திற்கொண்டே மேலே செல்லவேண்டும்.

நாவின் பழக்கம்

ஒரு மொழியைப் பேசும்போது, பேசுபவரின் தாய்மொழியோ வட்டாரமோ வெளிப்படும் வகையில் ஒலிகளில் தோன்றும் தனித்தன்மையை ஒலிப்புச் சாயல் எனலாம். இது சொற்குற்றமும் அன்று. இலக்கணக் குற்றமும் அன்று. போலந்து நாட்டவரான ஜோசப் கான்ராட், இருபது வயதிற்குப் பின்னரே ஆங்கிலம் கற்று, அம்மொழியின் தலைசிறந்த புதின ஆசிரியர்களுள் ஒருவரானார். எழுத்தில் ஆங்கிலேயரே வியந்த அவருடைய மொழி, பேச்சில் இறுதிவரை போலந்துச் சாயலோடுதான் ஒலித்தது. மொழியறிவு வேறு, ஒலிப்புச் சாயல் வேறு என்பதற்கு இதைவிடத் தெளிவான சான்று வேண்டியதில்லை.

இச்சாயல் ஏன் எளிதில் நீங்குவதில்லை? குழந்தை பிறக்கும்போது உலகமொழிகளின் ஒலி வேறுபாடுகளுள் மிகப் பலவற்றைப் பிரித்தறியும் செவியோடு பிறக்கிறது. கனடாவைச் சேர்ந்த உளவியலறிஞர்கள் ஜேனட் வெர்க்கரும் ரிச்சர்ட் டீஸும் 1984இல் வெளியிட்ட ஆய்வு இதனை விளக்குகிறது. இந்தி மொழியில் பல்லைத் தொட்டுப் பிறக்கும் தகர ஒலிக்கும், நா வளைந்து பிறக்கும் டகர ஒலிக்கும் உள்ள வேறுபாட்டை ஆங்கிலம் பேசும் வீடுகளில் வளரும் குழந்தைகளுக்குக் கேட்கச் செய்தனர். ஆறு முதல் எட்டு மாதக் குழந்தைகள் அதனை எளிதாக உணர்ந்தன. பத்து, பன்னிரண்டு மாதக் குழந்தைகளுள் பெரும்பாலானவை உணரவில்லை. தன்னைச் சூழ்ந்த மொழிக்குத் தேவையற்ற வேறுபாட்டைச் செவி ஓராண்டுக்குள் ஒதுக்கத் தொடங்கிவிடுகிறது. நாவு பழகுவதற்கு முன்பே செவி பழகிவிடுகிறது என்பது குறிப்பிடத்தக்கது.

மொழியியலறிஞர் துருபெட்ஸ்கோய் 1939இல் வெளிவந்த தம் நூலில் தாய்மொழியின் ஒலியமைப்பைச் சல்லடைக்கு ஒப்பிட்டார். பிறமொழிப் பேச்சு அச்சல்லடை வழியாகவே நம் அறிவை அடைகிறது. அதன் கண்ணுக்குப் பொருந்தாதவை வேறு உருவில் பதிகின்றன. எழுத்துகள் பிறக்கும் இடத்தையும் முயற்சியையும் பிறப்பியலில் வகுத்த தொல்காப்பியர், வடசொற்கள் தமிழில் வரும்போது வடவெழுத்தை நீக்கித் தமிழெழுத்தைப் பெறவேண்டும் என்று சொல்லதிகாரத்தில் விதித்துள்ளார். புதிதாய் நுழையும் சொல் இருக்கும் வீட்டின் அளவுக்கு ஏற்ப வளையவேண்டும் என்பது அவ்விதியின் உட்பொருள். சொல்லுக்கு அது எளிது. மனிதருக்கு அவ்வளவு எளிதன்று.

பிரான்சுக்குச் செல்லும் தமிழர் ஒருவரை எண்ணிப் பார்க்கலாம். சில ஒலிகளில் அவருக்கு நல்வாய்ப்பு உண்டு. ஆங்கிலேயர் க, ட, ப போன்ற வல்லொலிகளைச் சொல்லின் முதலில் மூச்சு வெடிக்க ஒலிப்பர். பிரெஞ்சில் அம்மூச்சு இல்லை. தமிழிலும் இல்லை. எனவே இவ்வொலிகளில் தமிழர் ஆங்கிலேயரைக் காட்டிலும் பிரெஞ்சியரை நெருங்கியவர். பிரெஞ்சின் மூக்கொலி உயிர்களும் அவருக்கு முற்றிலும் புதியவை அல்ல. ‘மரம்’ என்று எழுதினாலும் பேச்சில் இறுதி மகரத்தை இதழ் மூடி ஒலிப்பவர் குறைவு; உயிரையே மூக்கின் வழியாக விட்டு ‘மரோ’ என்பதுபோல் முடிப்பதே பெருவழக்கு. இவ்வொலி தம் நாவில் இருப்பதை அறியாமலேயே பலர் அதனைப் பிரெஞ்சு வகுப்பில் அரிய பயிற்சியாகக் கற்கின்றனர்!

இடர்தரும் ஒலிகளும் உண்டு. இகரத்திற்கு நாவை வைத்துக்கொண்டு உகரத்திற்கு இதழைக் குவித்தால் பிறக்கும் உயிர் பிரெஞ்சில் உண்டு, தமிழில் இல்லை. பிரெஞ்சு ரகரம் நாநுனியில் பிறப்பதன்று. அடிநாவில் உள்நாக்கை ஒட்டி உராய்ந்து பிறப்பது. தமிழரின் ரகரமோ நாநுனி அண்ணத்தை வருடுவதால் பிறப்பது. ஸகரத்தில் ஒலிப்புடையது, ஒலிப்பற்றது என இரண்டு வகை அங்கு உண்டு. மீனைக் குறிக்கும் ‘புவாஸோன்’ என்ற சொல்லுக்கும் நஞ்சைக் குறிக்கும் சொல்லுக்கும் இடையே இவ்வொரு வேறுபாடுதான் உள்ளது. தமிழெழுத்தில் எழுதினால் இரண்டும் ஒன்றே. உணவகத்தில் மீன் கேட்கும் தமிழர் கேட்பவர் முகத்தில் சிரிப்பைக் காண்பதற்கு இது போதுமான காரணம்.

பிரெஞ்சியர் தமிழ் பேசும்போதும் இதே நிலைதான். குறில் நெடில் வேறுபாடும், நா வளைத்து ஒலிக்கும் ட, ண, ள, ழ ஆகியனவும் அவர்களைத் திணறச் செய்கின்றன. ஆனாலும் தவறாகத் தமிழ் பேசும் வெள்ளையரைக் கண்டால் தமிழர் மகிழ்ந்து பாராட்டுகின்றனர். தவறாகத் தமிழ் பேசும் வடநாட்டுக் கட்டடத் தொழிலாளிக்கு அப்பாராட்டு எளிதில் கிடைப்பதில்லை.

காலணியும் குடும்பப்பெயரும்

ஒலிப்புச் சாயல் மட்டுமே அயலவரைக் காட்டும் அடையாளம் அன்று. உடை, பெயர், காலில் அணியும் செருப்பு ஆகியனவும் அவ்வாறே பயன்பட்டன. 1873இல் புதுச்சேரி வழக்குரைஞர் பொன்னுத்தம்பிப் பிள்ளை ஐரோப்பிய முறைக் காலணி அணிந்து நீதிமன்றத்திற்குச் சென்றார். இந்தியர் அவ்வாறு வருதல் முறையன்று எனத் தடுக்கப்பட்டார். பிரெஞ்சுச் சட்டத்தைப் பிரெஞ்சு மொழியில் வாதிடத் தகுதிபெற்ற ஒருவருக்குக் காலணியால் தடை வந்தது. அவர் பாரிசில் இருந்த உச்ச நீதிமன்றம்வரை முறையிட்டு வென்றார்.

1881 செப்டம்பர் 21ஆம் நாள் பிரெஞ்சு அரசு ஓர் ஆணையைப் பிறப்பித்தது. இந்தியர் தம் சாதி, சமய வழக்காறு சார்ந்த தனிநிலைச் சட்டத்தைத் துறந்து, பிரெஞ்சுக் குடிமைச் சட்டத்தை ஏற்கலாம் என்றது அவ்வாணை. அவ்வாறு ஏற்றோர் ‘ரெனோன்சான்’, அதாவது துறந்தோர் எனப்பட்டனர். அவர்கள் தமக்கென ஒரு குடும்பப்பெயரைத் தெரிந்துகொள்ள வேண்டும். முதலில் முன்வந்த பொன்னுத்தம்பிப் பிள்ளை ‘லாபோர்த்’ என்னும் பெயரை ஏற்றார். பிரெஞ்சில் அது கதவைக் குறிக்கும் சொல். சாதிக் கொடுமையிலிருந்து விலக விரும்பிய ஒடுக்கப்பட்ட மக்களும் கிறித்தவர்களும் பலராக இவ்வழியை நாடினர். தந்தை பெயரையே தலையெழுத்தாக இட்டு வாழ்ந்த தமிழரிடையே, தலைமுறைதோறும் மாறாத குடும்பப்பெயர் என்பதே புதுமையாக இருந்தது. இதனை அடையாள இழப்பு என்று மட்டும் பார்ப்பது பொருந்தாது. பழைய பெயரோடு ஒட்டியிருந்த இழிவை உதறும் வாய்ப்பாகவும் சிலருக்கு அது அமைந்தது.

கதவு முழுதும் திறந்ததா? 1884இல் பிரெஞ்சிந்தியத் தேர்தலுக்கு வாக்காளர்களை மூன்று பட்டியலாகப் பிரித்தனர்: ஐரோப்பியர், துறந்தோர், துறவாதோர். பிரெஞ்சுச் சட்டத்தை ஏற்றும், பிரெஞ்சுப் பெயர் பூண்டும், அவர்கள் ஐரோப்பியர் பட்டியலில் இடம்பெறவில்லை. தமக்கென ஒரு நடுப்பட்டியலில் நின்றனர். சைகோனை உள்ளடக்கிய கொச்சின்சீனாவில் எழுத்தராகவும் காவலராகவும் சுங்க அலுவலராகவும் பணியாற்றச் சென்ற துறந்தோர், அங்குப் பிரெஞ்சுக் குடிமக்களாக வாக்களித்தனர். பிறந்த ஊரில் கிடைக்காத நிலை கடல் கடந்தபின் கிடைத்தது என்பது விந்தையே.

சிதம்பரம் ‘சிதம்பரோம்’ ஆனது

பிரெஞ்சு ஆட்சியின் கீழிருந்த கரும்புத் தோட்டத் தீவுகளுக்குப் புதுச்சேரி, காரைக்கால் துறைமுகங்கள் வழியாகவும் கூலித்தொழிலாளர் அனுப்பப்பட்டனர். கரீபியக் கடலில் உள்ள குவாதலூப் தீவில் முதல் கப்பல் 1854 டிசம்பரில் கரைசேர்ந்தது. அடுத்த முப்பத்தைந்து ஆண்டுகளில் நாற்பதாயிரத்துக்கும் மேற்பட்ட இந்தியர் அத்தீவில் இறக்கப்பட்டனர். அவர்களுள் தமிழர் பெருந்தொகையினர்.

அவ்வாறு சென்ற குடும்பம் ஒன்றில் 1863இல் குவாதலூப்பின் கபெஸ்தேர் என்னும் ஊரில் பிறந்தவர் ஹென்றி சிதம்பரம். பிரெஞ்சு ஆவணங்களில் அவருடைய பெயர் ‘சிதம்பரோம்’ என உள்ளது. எழுதிய அலுவலர் பிழைபட எழுதினார் என்று கூறிவிடலாம். ஆனால் ‘மரம்’ பேச்சில் ‘மரோ’ என மூக்கொலியோடு முடிவதை முன்னர்க் கண்டோம். பெயர் சொன்ன தமிழரின் பேச்சொலியை அந்தப் பிரெஞ்சுச் செவி ஓரளவு சரியாகவே பிடித்தது என்று கொள்ள இடமுண்டு. அத்தீவைச் சேர்ந்த எழுத்தாளரும் நாடாளுமன்ற உறுப்பினருமாக விளங்கிய எர்னெஸ்ட் முத்துசாமியின் பெயரும் பிரெஞ்சு எழுத்துக்கூட்டில்தான் எழுதப்படுகிறது. தீவுக்குப் போன தமிழர் வழித்தோன்றல்கள் நாளடைவில் தமிழ்ப்பேச்சை இழந்தனர். வழிபாட்டுப் பாடல்களில் மட்டும் அது ஒட்டிக்கொண்டிருந்தது. வீட்டில் கிரியோல், பள்ளியில் பிரெஞ்சு என அவர்களின் நாவு தீவின் நாவாகவே ஆகிவிட்டது.

ஒலிப்புச் சாயல்தான் தடை என்றால் அது நீங்கியவர்களுக்குத் தடையும் நீங்கியிருக்க வேண்டும். நீங்கவில்லை. 1904இல் ஹென்றி சிதம்பரம், தீவில் பிறந்த இந்திய வழியினரின் பெயர்களை வாக்காளர் பட்டியலில் சேர்க்க முற்பட்டபோது, தீவின் ஆளுநர் எதிர்த்தார். அவர்களின் பெற்றோர் பிரித்தானிய இந்தியாவிலிருந்து வந்தவர்கள், ஆதலால் பிள்ளைகள் பிரெஞ்சுக் குடிமக்கள் அல்லர் என்பது எதிர்ப்பின் சாரம். பிரெஞ்சு மண்ணில் பிறந்து, பிரெஞ்சில் படித்து, பிரெஞ்சு அரசுக்கு வரி செலுத்தியோர் தாம் ஒருநாளும் கண்டிராத நாட்டின் மக்களாகக் கருதப்பட்டனர். சிதம்பரம் அந்த வழக்கைப் பத்தொன்பது ஆண்டுகள் நடத்தினார். பணமும் காலமும் செலவாயின. 1923இல்தான் பிரெஞ்சு அரசு அவர்களின் குடியுரிமையை ஏற்றது. 1952இல் மறைந்த அவர், இன்றும் குவாதலூப் இந்திய வழியினரால் உரிமைப்போராளியாக மதிக்கப்படுகிறார்.

கையொப்பத்தால் கிடைத்த நாடு

இதற்கு நேர்மாறான காட்சியைப் புதுச்சேரி 1962இல் கண்டது. 1954 அக்டோபர் 18 அன்று கீழூரில் மக்கள் சார்பாளர் 178 பேர் கூடி வாக்களித்தனர். 170 பேர் இந்தியாவுடன் இணைய ஆதரவு தந்தனர். நவம்பர் 1 அன்று ஆட்சி இந்தியாவின் கைக்கு மாறியது. 1956இல் கையெழுத்தான ஒப்பந்தம் 1962 ஆகஸ்டு 16இல்தான் சட்டப்படி நடைமுறைக்கு வந்தது. அவ்வொப்பந்தத்தின்படி புதுச்சேரிப் பகுதிகளில் பிறந்து, அங்கேயே வாழ்ந்த பிரெஞ்சு நாட்டினர் இந்தியக் குடிமக்களாவர். விரும்புவோர் ஆறு மாதத்திற்குள் எழுத்துமூலம் அறிவித்துப் பிரெஞ்சுக் குடியுரிமையைத் தக்கவைத்துக்கொள்ளலாம்.

சில ஆயிரம்பேர் அவ்வாறு அறிவித்தனர். அவர்களுள் பிரெஞ்சுப் படையிலும் அலுவலகங்களிலும் பணியாற்றியோர் பலர். பிரெஞ்சு பேசத் தெரிகிறதா என்ற தேர்வு எதுவும் அவ்வறிவிப்புக்குத் தேவைப்படவில்லை. வீட்டில் தமிழே பேசி, பிரெஞ்சில் சில சொற்களே அறிந்தவரும் பிரெஞ்சுக்காரராகத் தொடர முடிந்தது. அவர் உடன்பிறந்தாரே அறிவிக்கத் தவறினாலோ விரும்பாவிட்டாலோ இந்தியரானார். ஒரே கூரையின் கீழ் இரு நாட்டினர் வாழ்ந்த வீடுகளைப் புதுச்சேரி அறியும். பிரெஞ்சுப் படையில் பணியாற்றி ஓய்வூதியம் பெறுவோரை ஊர்வழக்கில் ‘சொல்தா’ என்பர். படைவீரரைக் குறிக்கும் பிரெஞ்சுச் சொல் தமிழ் நாவுக்கேற்பத் தேய்ந்து இவ்வடிவம் பெற்றது. அச்சொல்லில் மதிப்பும் உண்டு. மெல்லிய கேலியும் உண்டு.

சிதம்பரத்தையும் சொல்தாவையும் அருகருகே வைத்துப் பார்த்தால் ஓர் உண்மை புலப்படும். ஒருவருக்கு மொழி இருந்தது, நாடு மறுக்கப்பட்டது. மற்றொருவருக்கு நாடு கிடைத்தது, மொழி இல்லை. சொல்தாவின் பிள்ளைகள் பிரான்சுக்குச் சென்று குடியேறியபோதுதான் கதையின் மறுபாதி தொடங்கிற்று. கையிலிருந்த கடவுச்சீட்டு, அவர்களைப் பிரெஞ்சுக்காரர் என்றது. வாயைத் திறந்ததும் எதிரிலிருப்பவர் எந்த நாடு என்று கேட்டார். விடுமுறையில் புதுச்சேரி வந்த அவர்களுடைய பிள்ளைகளோ, ரகரத்தை அடிநாவில் ஒலித்துத் தமிழ் பேசி, பாட்டி வீட்டுத் தெருவிலும் அதே வினாவை எதிர்கொண்டனர்.

ஒரே மொழி, இரு செவி

பாரிசின் லா சப்பெல் பகுதியில் தமிழ்க் கடைகள் நிறைந்த தெரு உண்டு. அக்கடைகளுள் பெரும்பாலானவை போரினால் இடம்பெயர்ந்து 1980களிலிருந்து வந்த ஈழத்தமிழருடையவை. அங்குப் பொருள் வாங்க வரும் புதுச்சேரித் தமிழருக்கும் கடைக்காரருக்கும் மொழி ஒன்றே. ஆயினும் இரண்டாவது சொல்லிலேயே ஒருவரையொருவர் அடையாளம் கண்டுகொள்வர்.

ஈழத்தமிழர் ‘டொராண்டோ’ என எழுதுவதில்லை. ‘ரொறன்ரோ’ என எழுதுவர். தமிழ்நாட்டு மாணவர் இதனைக் கண்டு நகைப்பதுண்டு. நகைப்பதற்கு முன் ஆராய்ந்து பார்க்கவேண்டும். ஆங்கிலத்தின் அந்த வல்லொலி, தமிழ் டகரத்தைப்போல நா வளைந்து பிறப்பதன்று. மேற்பல்லின் பின்னுள்ள முகட்டை நாநுனி தொடுவதால் பிறப்பது. அவ்விடத்திற்குரிய தமிழெழுத்து றகரமே. ‘காற்று’ என்பதன் றகரத்தை அப்பழைய இடத்தில் நிறுத்தி ஒலிக்கும் வழக்கு யாழ்ப்பாணத்தில் இன்றும் உண்டு. தமிழ்நாட்டின் பெரும்பகுதி அதனை ‘காத்து’ என மாற்றிவிட்டது. ஆகவே நகைப்புக்குரியதாகத் தோன்றும் எழுத்துமுறை ஒலியியல் நோக்கில் நுட்பமானது.

கான் திரைப்பட விழாவில் 2015இல் தங்கப்பனை விருது பெற்ற ‘தீபன்’ என்னும் பிரெஞ்சுத் திரைப்படத்தில், பிரான்சில் அடைக்கலம் தேடும் ஈழத்தமிழராக நடித்தவர் எழுத்தாளர் ஷோபாசக்தி. அவரே ஈழத்திலிருந்து பிரான்சில் குடியேறியவர். உடன் நடித்தவரோ சென்னையைச் சேர்ந்தவர். பிரெஞ்சுப் பார்வையாளரின் காதில் இருவர் பேசியதும் ஒரே அயல்மொழி. தமிழ்ச்செவிக்குத்தான் அதற்குள் இரு ஊர்கள் கேட்கும்.

கேட்பவர் எதைக் கேட்கிறார்?

இதுவரை நாவைப் பற்றியே பேசப்பட்டது. 1992இல் அமெரிக்காவின் ஜார்ஜியா பல்கலைக்கழகப் பேராசிரியர் டொனால்டு ரூபின் வெளியிட்ட ஆய்வு, பார்வையைச் செவியின் பக்கம் திருப்பியது. அமெரிக்கப் பெண் ஒருவரின் குரலில் பதிவுசெய்த சிறு விரிவுரையை மாணவர்களுக்கு ஒலிக்கச் செய்தார். ஒரு பிரிவினருக்கு வெள்ளையினப் பெண்ணின் ஒளிப்படத்தையும், மற்றொரு பிரிவினருக்கு ஆசியப் பெண்ணின் ஒளிப்படத்தையும் காட்டினார். குரல் ஒன்றே. ஆசிய முகத்தைப் பார்த்தவர்கள், அக்குரலில் அயல்நாட்டுச் சாயல் இருப்பதாகக் கூறினர். விரிவுரையைப் புரிந்துகொள்வதிலும் பின்தங்கினர். இல்லாத சாயலைக் கண் கேட்டது! குவாதலூப்பில் சிதம்பரம் எதிர்கொண்ட தடையின் வேர் இத்தகைய ஆய்வில் வெளிப்படுகிறது.

செவி தீர்ப்பளிப்பது பழங்காலந்தொட்டு நிகழ்வது. விவிலியத்தின் நீதித்தலைவர்கள் நூல் பன்னிரண்டாம் அதிகாரம் ஒரு போர்நிகழ்ச்சியைக் கூறும். யோர்தான் ஆற்றைக் கடக்கவந்த எப்பிராயிம் மக்களை, எதிரிகள் ‘ஷிபோலெத்து’ என்னும் சொல்லைச் சொல்லுமாறு கேட்டனர். ஷகரம் வராமல் ‘சிபோலெத்து’ என்றவர்கள் கொல்லப்பட்டனர். ஓரெழுத்தின் ஒலிப்பு உயிருக்கு விலையாயிற்று.

இன்று உயிர் போவதில்லை, வேலை போகிறது. பிரான்சிலேயே தென்பகுதி மக்களின் ஒலிப்புச் சாயல் தொலைக்காட்சியிலும் அலுவலகங்களிலும் ஏளனத்திற்கு உள்ளாவதுண்டு. மொழியியலறிஞர் பிலிப் பிளான்ஷே இவ்வகைப் பாகுபாட்டிற்குக் ‘குளோத்தோபோபி’ என்று பெயரிட்டார். நா வெறுப்பு எனத் தமிழில் கூறலாம். 2020 நவம்பரில், ஒலிப்புச் சாயலைக் காரணம் காட்டிப் பாகுபாடு செய்வதைக் குற்றமாக்கும் சட்டமுன்வரைவுக்குப் பிரெஞ்சு மக்களவை ஒப்புதல் அளித்தது. சொந்த நாட்டினரே இவ்வாறு காக்கப்படவேண்டியிருக்கும் இடத்தில், குடியேறியவரின் நிலையை ஊகிக்கலாம்.

சாயலை ஒழிக்க எல்லோரும் விரும்புகின்றனர் என்று எண்ணுவதும் தவறு. அமெரிக்காவின் மார்த்தாஸ் வினியார்டு என்னும் தீவில் வில்லியம் லபோவ் நடத்தி 1963இல் வெளியிட்ட ஆய்வு புகழ்பெற்றது. கோடை விடுமுறைக்கு வந்து குவியும் வெளியூர்ச் செல்வர்களால் தம் தீவு கைநழுவுவதாக உணர்ந்த மீனவர்கள், தம் பழைய உயிரொலிகளை முன்னிலும் அழுத்தமாக ஒலித்தனர். தீவிலேயே தங்க முடிவுசெய்த இளைஞரிடமும் அவ்வொலி மிகுந்திருந்தது. வெளியேற எண்ணிய இளைஞரிடம் குறைந்திருந்தது. நாவு எதற்குரியது என்பதை நெஞ்சும் முடிவுசெய்கிறது.

மீண்டும் லாஸ்பேட்டை

கடல் கடந்து செல்லாமலே இவ்வினாவை எதிர்கொள்வோர் உண்டு. லாஸ்பேட்டையில் நரிக்குறவர் குடியிருப்பு ஒன்று உள்ளது. அவர்களின் வீட்டுமொழி வாக்ரிபோலி. அது திராவிட மொழிக்குடும்பத்தைச் சேர்ந்ததன்று. குசராத்தி, மராத்தி முதலியவற்றைப்போல இந்தோ-ஆரியக் குடும்பத்தைச் சேர்ந்தது. தமிழ் நிலத்தில் பல தலைமுறையாக வாழும் அவர்கள், வெளியில் தமிழும் தம்முள் வாக்ரிபோலியும் பேசுகின்றனர். அவர்களின் தமிழைத் திரைப்படங்கள் நெடுங்காலமாக நகைச்சுவைக்குப் பயன்படுத்தின. நகைத்தவர்களுள் எத்தனைபேர் இரண்டு மொழிக்குடும்பங்களில் நாள்தோறும் பேசும் ஆற்றல் பெற்றிருந்தனர் என்று யாரும் கணக்கெடுக்கவில்லை.

வாக்ரிபோலியில் மூச்சொலி மிகுந்த மெய்கள் உண்டு. அவற்றுக்குத் தமிழில் எழுத்தில்லை. அம்மொழிக்கெனத் தனி வரிவடிவமும் இல்லை. ஆகவே பள்ளி வருகைப்பதிவேட்டில் ஒரு குழந்தையின் பெயரைத் தமிழில் எழுதும்போது, வீட்டில் தாய் அழைக்கும் ஒலி முழுதும் அதில் இறங்குவதில்லை. ஸ்காட்லாந்தின் லாவுக்கும் குவாதலூப்பின் சிதம்பரத்திற்கும் நேர்ந்ததே இங்கும் நேர்கிறது. இம்முறை சல்லடை தமிழுடையது.

அண்ணாமலைப் பல்கலைக்கழக வெளியீடாக 1970இல் வந்த ஜி. சீனிவாச வர்மாவின் நூல், வாக்ரிபோலியின் ஒலிகளையும் இலக்கணத்தையும் முறையாக விளக்குகிறது. முதல் வகுப்பில் அமரும் குழந்தை ஒரு தமிழ்ச்சொல்லை வேறுவிதமாக ஒலிக்கும்போது, அது கல்லாமையால் வந்த பிழையா, வீட்டுமொழியிலிருந்து வந்த ஒலியா என்று பிரித்தறிய ஆசிரியருக்கு அத்தகைய விளக்கம் தேவைப்படுகிறது.